கோணியைக் கட்டுமுன் பரணைப் பாருங்கள்

எல்லா உயிருக்கும் இரை அளந்து வைத்திருக்கும் இறைவனின் பெயரைச் சொல்லி, இந்த மைக்கைப் பிடிக்கிறேன்.

கனிவும் கண்டிப்பும் கலந்து நம் தாமரைக்கேணி நகர்க் குடியிருப்போர் சங்கத்தைக் கட்டிக் காத்துவரும் தலைவர், சனிக்கிழமை என்றால் திருநீர்மலைப் படியேறி இறங்காமல் காபித் தம்ளரைத் தொடாத பெரியவர், இன்று குடியரசு நாளும் சனிக்கிழமையும் சேர்ந்து வந்துவிட்டதால் மலையிறங்கிய கையோடு கொடியேற்ற வந்து நிற்கும் ஸ்ரீரங்கன் ஐயா அவர்களே,

தண்ணீர் லாரி வரவில்லையா ஜெயவேலு, தெருவிளக்கு எரியவில்லையா ஜெயவேலு, சாக்கடை அடைத்துக்கொண்டதா ஜெயவேலு என்று நாம் வேளை பாராமல் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காத செயலாளர், என் பேச்சுக்கு மட்டும் எப்போதும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கும் ஜெயவேலு அண்ணன் அவர்களே,

வாயில்லாத உயிர்களின் வலியைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடும் கால்நடை மருத்துவர் ஞானஜோதி அம்மா அவர்களே,

அஸ்தினாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, தைத்து முடிக்காத ஜாக்கெட்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் என் தோழி செல்வமேரி அவர்களே,

மீன் வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, ஒரு கண்ணை மேடையிலும் ஒரு கண்ணை வண்டியிலும் வைத்திருக்கும் சின்னப்பன் அண்ணன் அவர்களே,

அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற நினைப்போடு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எப்போது வடை வரும் என்று பந்தலின் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, உங்கள் அனைவரின் மீதும் அமைதி நிலவட்டும். உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் மேடை கண்டவள் அல்ல. மூன்றாவது தெருவில், சைக்கிள் கடை ஷாகுல் வீட்டு ஹஃபீசா. என்னை நீங்கள் கோலப்போட்டிக்கு மதிப்பெண் கூட்டிச் சொல்பவளாகப் பார்த்திருப்பீர்கள். இன்று நான் நிற்பது அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்களே, அந்தத் தாளின் ஏழாவது தீர்மானத்தை எதிர்த்து. படிக்கிறேன். ‘நம் நகரில் பெருகிவிட்ட பூனைகள் அனைத்தையும் வரும் திங்கட்கிழமை முதல் பிடித்து அப்புறப்படுத்துவது என முடிவு செய்யப்படுகிறது.’

அப்புறப்படுத்துவது. எவ்வளவு அழகான சொல். இந்தச் சொல்லில் ரத்தம் இல்லை, ரணம் இல்லை, ஒரு சின்னக் கீறல்கூட இல்லை. சொல் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது. செயல் எப்படி இருக்கும்? கொடிக்கம்பத்துக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள். இருபது கோணிகள் மடித்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். புதுக் கோணி. அரிசி மணம்கூட இன்னும் போகவில்லை. திங்கட்கிழமை முதல் அவற்றை நிரப்ப வேண்டும்.

போன ஆண்டும் இதே நாளில், இதே பந்தலில் இப்படி ஒரு தீர்மானம் வந்தது. அதற்கு முதல் கை தூக்கியது யார் தெரியுமா? யாரும் தேட வேண்டாம். இந்தக் கை. வளையல் குலுங்கத் தூக்கினேன். கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டல் இப்போதும் என் காதில் கேட்கிறது, தாய்மார்களே. கேட்கும்போதெல்லாம் திடுக்கிட்டுப் போகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன்.

போன ரமலான் பெருநாளுக்கு முதல் நாள் மாலை. என் மகள் ரூக்சார் கைக்கு மருதாணி வைத்து முடித்தாள். கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எங்கள் பின்கட்டுச் சுவரில் ஒரு வெள்ளைப் பூனை எந்நேரமும் உட்கார்ந்திருக்கும். ‘அம்மா, இதுக்கும் நாளைக்குப் பெருநாள்தானே’ என்று அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளை நெற்றியில் செம்மஞ்சள் நிலா. அன்று முதல் தெருவே அதை மருதாணி என்று கூப்பிட்டது. ஸ்ரீரங்கன் ஐயா வீட்டிலும் பால் குடித்தது. எங்கள் வீட்டிலும் குடித்தது. எதிர்வீட்டு அமலராணி வீட்டில் கேக்கும் தின்றது. மதம் பார்க்காத ஜீவன்.

பெருநாள் அன்று அதற்கு வயிறு பெருத்திருந்தது. பார்த்தேன். பத்து நாள் கழித்து அந்த வயிறு வற்றியிருந்தது. அதையும் பார்த்தேன். பெருத்த வயிறு வற்றினால் என்ன அர்த்தம் என்று இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? வேண்டாம்தான். ஆனாலும் நான் கேட்கவில்லை. குட்டிகள் எங்கே என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை. நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வருகிறது. வஞ்சிரமீன் குழம்பு கொதித்து இறக்கி வைத்திருக்கிறேன். திரும்பி வருவதற்குள் சட்டி தரையில் கிடக்கிறது. குழம்பு வாசல்வரை ஓடுகிறது. நடுவில் மருதாணி உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருக்கிறது. என் கோபம் எப்படிப்பட்டது என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். அதோ, தலையைக் குனிந்துகொண்டார் பாருங்கள்.

பாலைக் காட்டிக் கூப்பிட்டேன். நம்பி வந்தது. கோணியைப் போட்டு மூடினேன். வாயைக் கட்டியது நான். இரட்டை முடிச்சு. ஜெயவேலு அண்ணன் ஆம்னி வண்டியைக் கொண்டுவந்தார். ‘ஹஃபீசாம்மா, நீங்க கவலையே படாதீங்க. அஸ்தினாபுரம் பக்கம் மீன் மார்க்கெட்டாண்ட விட்டுடலாம். அங்க தலையும் வாலும் கொட்டிக் கிடக்கு, ராஜாவாட்டம் இருக்கும்’ என்றார். என் வீட்டுக்காரரிடம், ‘பாய், கோணியைத் தலைக்கு மேல மூணு சுத்து சுத்துங்க. வழி மறந்துடும்’ என்றார். சுற்றினார்.

இதில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. பூனையைக் கொன்றால் பாவம் என்று உங்கள் வீட்டிலும் சொல்வார்கள், எங்கள் வீட்டிலும் சொல்வார்கள், அமலராணி வீட்டிலும் சொல்வார்கள். நாம் நல்லவர்கள். கொல்ல மாட்டோம். கோணியில் கட்டுவோம், மூன்று சுற்று சுற்றுவோம், மீன் கிடைக்கும் இடமாகப் பார்த்து விடுவோம். பாவம் நம்மைத் தொடாது. அப்படித்தானே நினைத்தோம்? அன்று இரவுத் தொழுகையில் அந்தப் பூனைக்கு நல்லபடியாக இரை கிடைக்க வேண்டும் என்று துஆகூடக் கேட்டேன். கட்டிய கையையே ஏந்திக் கேட்டேன்.

பால் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு வரி எழுதினேன். ‘வெள்ளைப் பூனை, ஒன்று, போயிற்று.’ அடியில் கோடு போட்டேன்.

மறுநாள் எங்கள் கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். கதவுக் கீல் போல, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போல. எங்கிருந்து என்று தெரியவில்லை. நான் தொழுகைக்கு விரிப்பை விரித்து நின்றபோது தலைக்கு மேலே கேட்டது. மனம் ஒன்றவில்லை. ரூக்சாரைக் கூப்பிட்டு ஃபேனை அதிகமாக வைக்கச் சொன்னேன். காற்றின் இரைச்சலில் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. அடுத்த நாளும் கேட்டது. அடுத்த நாளும் ஃபேனைக் கூட்டினேன். நான்காம் நாள் ஃபேனை நிறுத்திப் பார்த்தேன். சத்தம் இல்லை.

அப்பாடா என்றேன்.

தாய்மார்களே, என் நாற்பத்தாறு வருட வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளில் எதையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று இறைவன் அனுமதித்தால், அந்த ஒரு வார்த்தையைத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஐந்தாம் நாள் அமலராணி வந்தார். ‘ஹஃபீசாக்கா, நம்ம பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. உங்க பெரிய தேக்சாவைக் கொஞ்சம் தர்றீங்களா’ என்று கேட்டார். அறுபது பேருக்குப் பிரியாணி போடும் தேக்சா அது. பெருநாள் கழித்துக் கழுவி, பழைய திரைச்சீலையைச் சுருட்டி உள்ளே வைத்து, பரணில் ஏற்றியிருந்தேன். தொழும் இடத்துக்கு நேர் மேலே. ஏணி போட்டு ஏறினேன். பாதி ஏறும்போதே வாடை. எலி செத்திருக்கிறது என்று முணுமுணுத்தபடி எட்டிப் பார்த்தேன்.

நான்கு குட்டிகள்.

மூன்று சுருண்டு கிடந்தன. நான்காவது என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. கத்திக் கத்தி, சத்தமெல்லாம் முன்னமே தீர்ந்துபோயிருந்தது. என் தலைக்கு மேலேயே தீர்ந்துபோயிருந்தது.

நான் அலறவில்லை. அழவும் இல்லை. ஏணியில் அப்படியே நின்றேன். கீழே அமலராணி, ‘அக்கா, பாரமா இருக்கா? நான் புடிக்கட்டுமா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்காவதை மட்டும் முந்தானையில் ஏந்திக்கொண்டு இறங்கினேன். பஞ்சில் பால் நனைத்து வைத்தேன். உறிஞ்சத் தெம்பில்லை. மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்வதற்கு முன் அது என் மடியிலேயே அடங்கிவிட்டது.

நோட்டை எடுத்தேன். ‘ஒன்று’ என்று எழுதிய இடத்தில் அடித்து ‘ஐந்து’ என்று எழுதினேன். எழுதும்போதுதான் உறைத்தது. ஒரு வருடத்தில் நம் சங்கம் எத்தனை கோணி அனுப்பியது? ஜெயவேலு அண்ணன் அவர் கைப்பட எழுதிய அறிக்கையில் இருக்கிறது. அறுபத்து மூன்று. அந்த அறுபத்து மூன்றில் எத்தனை தாய்? எத்தனை பரண்? எத்தனை மாடிப்படி அடி, எத்தனை ஓட்டுச் சந்து, எத்தனை பழைய கார் சீட்? நாம் யாராவது பார்த்தோமா? ஒருவராவது பார்த்தோமா?

...

என்ன சின்னப்பன் அண்ணா? சத்தமாகச் சொல்லுங்கள். ‘அப்பவாவது தொல்லை கொறைஞ்சுதா’ என்கிறீர்களா? அருமையான கேள்வி. அதற்கும் கணக்கு வைத்திருக்கிறேன்.

மறுநாளே அதே நோட்டில் புதுப் பக்கம் போட்டேன். பொழுது விடிந்ததும் ஆறு தெருவும் நடந்து, நிறமும் வாலும் குறித்துக்கொண்டு எண்ணினேன். ஒரு மாதம் எண்ணினேன். போன ஆண்டுத் தீர்மானத்தில் ‘ஏறத்தாழ நாற்பது பூனைகள்’ என்று இருக்கிறது. அறுபத்து மூன்றை அனுப்பினோம். இப்போது இருப்பவை நாற்பத்தொன்று. நாற்பதில் அறுபத்து மூன்று போனால் மீதி நாற்பத்தொன்று. எந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கழித்தல் கணக்கைச் சொல்லித் தருகிறார்கள்?

எனக்கும் விளங்கவில்லை. விளக்கியவர் இதோ முன்வரிசையில் இருக்கும் செல்வமேரி. பக்ரீத் கழிந்த வாரம் போன் செய்தார்.

‘அக்கா, உங்க பொண்ணு ஒரு வெள்ளைப் பூனைக்கு நெத்தில மருதாணி வெச்சுதே, ஞாபகம் கீதா? அது எங்க தெருல குப்பத் தொட்டி மேல குந்திகினு கீது. எலும்பும் தோலுமா கீதுக்கா.’

அவரே மேலே சொன்னார். ‘நாளைக்கு எங்க சங்கத்து ஆளுங்க கோணி எடுத்துகினு வராங்கோ. இருக்கறத எல்லாம் புடிச்சுகினு போய் மாடம்பாக்கம் ஏரிக்கரைல வுடப் போறாங்கோ. அங்க மீன் கடை நெறைய கீதாம். நல்லா துன்னுகினு கெடக்கும்னு சொல்றாங்கோ.’

மாடம்பாக்கம் ஏரிக்கரை. அதாவது, நம் ஐந்தாவது தெருவின் முனை.

கேட்டீர்களா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் முதலில் சிரித்தேன். அவர்கள் பக்கம் மீன் இருக்கிறது என்று நாம் அங்கே கொண்டுபோய் விட்டோம். நம் பக்கம் மீன் இருக்கிறது என்று அவர்கள் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு வருடமாக இரண்டு நகர்களும் பாவத்துக்குப் பயந்து, பக்தியோடு, பூனைகளைப் பண்டமாற்றுச் செய்துகொண்டிருக்கிறோம். நடுவில் பெட்ரோல் செலவு ஜெயவேலு அண்ணனுக்கு. நடுவில் சாவு யாருக்கு? குட்டிகளுக்கு. இங்கேயும் குட்டிகளுக்கு, அங்கேயும் குட்டிகளுக்கு.

செல்வமேரி அன்றே மருதாணியைப் பிடித்துக் காய்கறிக் கூடையில் வைத்து மூடி, ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார். கூடையைத் திறந்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. வைத்த பாலைப் பார்க்கவில்லை. அலமாரி மேல் தாவி, அங்கிருந்து பரணுக்குத் தாவி, தேக்சாவுக்குள் இறங்கியது. சாம்பல் போட்டு, புளி போட்டு, ஏழு தடவை தேய்த்துக் கழுவிய தேக்சா அது. எனக்கு அதில் எந்த வாடையும் தெரியவில்லை. அதற்குத் தெரிந்தது. உள்ளேயிருந்து கூப்பிட்டது. வெளியே வந்து கூப்பிட்டது. திரும்ப உள்ளே போய்க் கூப்பிட்டது. மூன்று நாள். இந்த முறை நான் ஃபேனைப் போடவில்லை. அந்த மூன்று நாளும் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நான்காம் நாள்தான் ஞானஜோதி டாக்டரைத் தேடிப் போனேன். ‘இன்னொரு பூனைக்கு இந்த நிலைமை வரக் கூடாது, என்ன செய்யணும் டாக்டர்’ என்று கேட்டேன். அவர் மூன்றே வேலை சொன்னார். ‘புடிக்கணும், ஆபரேஷன் பண்ணணும், புடிச்ச எடத்துலயே திரும்ப விடணும்.’

திரும்ப விடுவதா? எனக்கு அதிர்ச்சி. உங்களுக்கும் அதிர்ச்சியாக இருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. டாக்டர் கேட்டார், ‘ஏம்மா, காலையில தாம்பரத்துல டிரெயின் ஏறியிருக்கீங்களா? ஒருத்தர் எழுந்தா அந்த சீட் காலியா இருக்குமா?’ இருக்காது. ஒருவர் எழுந்தால் இரண்டு பேர் உட்காருவார்கள். மீன் கழிவும் எச்சில் இலையும் இருக்கும் வரை இங்கே இடம் இருக்கிறது. இருக்கும் பூனையைத் தூக்கினால் ஏரிக்கரையிலிருந்து இன்னொன்று வரும். வந்து குட்டி போடும். அறுவைச் சிகிச்சை செய்த பூனை தன் இடத்தைத் தானே காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குட்டி இல்லை. ராத்திரி அலறல் இல்லை. சுவரெல்லாம் நாற்றம் இல்லை. வருடம் போகப் போக எண்ணிக்கை தானாகக் குறையும். தெருநாய்களுக்கு இப்படிச் செய்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் எனக்கு இன்னொரு பயம் இருந்தது. படைத்தவன் கொடுத்ததை அறுத்தெடுக்க நான் யார்? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் என் வீட்டுக்காரரை அனுப்பிக் கேட்டேன். பத்து நாள் அவகாசம் கேட்டார். கிதாபு நூல்களைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லியனுப்பினார். ‘கெடுதலைத் தடுக்கும் நோக்கம் இருந்து, வலி தெரியாமல், அறிந்தவர் கையால் செய்வதானால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஷாகுல் பாய், ஒரு விஷயம் உங்கள் வீட்டிலே கேளுங்கள். கத்தி பாவமா என்று பத்து நாள் காத்திருந்து கேட்கிற அம்மா, கோணி பாவமா என்று ஏன் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை?’

பெரியோர்களே, இதை என் வீட்டுக்காரர் வந்து சொன்னபோது நான் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். குழவி கையிலிருந்து நழுவிவிட்டது. ஏன் கேட்கவில்லை? கேள்வி கேட்கத் தெரியாதவளா நான்? கோணியைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் உண்மை. கோணிக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. முகம் தெரியாது. பால் கட்டிய மடி தெரியாது. பூனைக்கு வழி மறக்க வேண்டும் என்று மூன்று சுற்று சுற்றினோம். பூனை மறக்கவில்லை. மறந்தது நாம்.

இந்த மாதம் இரண்டாம் வாரம் மருதாணிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. இரண்டு நாள் எங்கள் குளியலறையில் படுத்திருந்தது. மூன்றாம் நாள் பின்கட்டுச் சுவரில் ஏறிவிட்டது. இனி எப்போதும் அதைப் பிடிக்க வேண்டியதில்லை என்பதற்கு அடையாளமாக, மயக்கத்தில் இருக்கும்போதே டாக்டர் இடது காதின் நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிடுவார். அந்தக் காதைப் பார்த்துவிட்டு நம் நகரில் என்னென்ன பேச்சு. ஜெயவேலு அண்ணன் டீக்கடையில் சொன்னது என் காதுக்கும் வந்தது. ‘பாய் வூட்டம்மாவுக்கு மீன் கொழம்பு கோவம் இன்னும் போகல. பூனை காதையே அறுத்துட்டாங்க.’ உண்டா இல்லையா அண்ணா? தலையாட்டுகிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தான் நான் அவரோடு சண்டை போடுகிறேன்.

இனி என் மாற்றுத் தீர்மானம். ஞாயிற்றுக்கிழமைதோறும் டாக்டர் நேரம் தருகிறார். கூண்டுகள் தருகிறார். சங்கக் கட்டடத்தின் பின்னறையைத் தாருங்கள், சிகிச்சை முடிந்த பூனைகள் இரண்டு நாள் அங்கே தேறட்டும். தெருவுக்கு இருவர் முன்வாருங்கள். எந்தப் பூனை எந்தச் சுவரில் உட்காரும், எதற்கு வயிறு பெருத்திருக்கிறது, எதற்கு வற்றியிருக்கிறது என்று அவர்கள் பார்த்து எழுத வேண்டும். கூண்டில் விழுந்ததும் துணி போட்டு மூட வேண்டும், பயம் அடங்கும். மூடுவதற்கு முன் மடியைப் பார்க்க வேண்டும். பால் கட்டியிருந்தால் அந்த நிமிடமே திறந்துவிட வேண்டும். குட்டிகள் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து, அவை பால் மறந்த பிறகுதான் தாயைத் தொட வேண்டும். செல்வமேரி தன் பக்கத்துச் சங்கத்திலும் பேசிவிட்டார். நாம் கோணியை நிறுத்தினால் அவர்களும் நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யார் முதலில் நிறுத்துவது என்பதுதான் மிச்சம். செலவு எவ்வளவு என்ற தாள் தலைவர் ஐயாவிடம் இருக்கிறது. இன்று அதைப் பற்றிப் பேசி உங்கள் வடையை ஆறவைக்க மாட்டேன்.

என்ன சின்னப்பன் அண்ணா, மறுபடியும் கையைத் தூக்குகிறீர்கள்? ‘மனுசனே குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்க மாட்டேன்றான், பூனைக்கா?’ என்கிறார். ஆறு பிள்ளை பெற்ற அண்ணன் இதைச் சொல்லலாம், அண்ணி அதோ உட்கார்ந்திருக்கிறார், அவரும் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும். என்ன அண்ணி? ‘டாக்டரம்மா ஞாயித்துக்கிழமை வரும்போது இவரையும் ஒரு பார்வை பாக்கச் சொல்லு’ என்கிறார். கைதட்டலைக் கேளுங்கள். இதைவிட நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்?

அங்கே ஓரத்தில் ஒரு தங்கை எழுந்து, ‘அதோட தாய்மையை எடுத்துட்டா அது பாவம் இல்லையாக்கா’ என்று கேட்கிறாள். கேட்க வேண்டிய கேள்வி, கண்ணு. நானும் அந்தக் கேள்வியோடுதான் மருதாணியின் அருகில் உட்கார்ந்திருந்தேன். தாய்மையை எடுப்பது பாவமா என்று கேட்கிறாய். தாயை எடுத்துவிட்டுப் பிள்ளையைப் பரணில் விட்டேனே, அது என்ன? இனி பிறக்காத குட்டிக்கு நான் பதில் சொல்ல வேண்டுமோ என்னவோ, இறைவனுக்கே வெளிச்சம். பிறந்து, பசித்து, என் தலைக்கு மேல் கத்திய நான்கு குட்டிகளுக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதிலைத்தான் இந்த மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே கேட்கிறேன். திங்கட்கிழமை காலையில் நீங்கள் கட்டப்போகும் கோணிக்குள் இருப்பது யாருடைய தாய்? தெரியுமா? அதன் குட்டிகள் இருப்பது உங்கள் பரணா, பக்கத்து வீட்டுப் பரணா? தெரியுமா? நாற்பத்தொரு பூனையில் இன்றைக்குப் பதினோரு பூனைக்கு வயிறு வற்றியிருக்கிறது. நேற்றுக் காலையில் எண்ணினேன். பதினோரு தாய். நம் ஆறு தெருவுக்குள் எங்கோ பதினோரு பரண். இரண்டாவது தெருவில் ஒரு பழுப்புப் பூனை தினமும் யாருடைய மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நுழைகிறது தெரியுமா? இதோ, பந்தலுக்கு எதிரே தெரிகிறதே, ஜெயவேலு அண்ணனுடைய வீட்டுத் தொட்டிக்கு. அண்ணா, உங்கள் வீட்டில் கொஞ்ச நாளாகக் கதவுக் கீல் சத்தம் கேட்கிறதா?

...

எழுந்துவிட்டார். அண்ணா, எங்கே போகிறீர்கள்? கோபமா?

என்ன சொன்னீர்கள்? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். ‘மோட்டார்ல ஏதோ பெல்ட்டு தேயுதுன்னு நெனச்சிகினு இருந்தேம்மா. நேத்துகூட ஆயில் வுட்டேன். இரு, மேல போய்ப் பாத்துட்டு வரேன்’ என்கிறார்.

போங்கள் அண்ணா. மெதுவாக ஏறுங்கள். தாய் உள்ளே இருந்தால் சீறும், கையை உள்ளே நீட்டாதீர்கள்.

தாய்மார்களே, பெரியோர்களே, இதற்கு மேல் நான் பேச வேண்டுமா? என் கையில் மடித்து வைத்திருக்கிறேனே, இது என்ன என்று அப்போதிருந்து பார்க்கிறீர்கள். நவம்பர் மாதம் மருதாணியைக் கட்டிய கோணி இது. என் வீட்டுக்காரர் வீசிவிடச் சொன்னார். வீசவில்லை. முடிச்சுப் போட்ட இடம் இன்னும் சுருங்கியிருக்கிறது. டாக்டர் சொல்கிறார், சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும்போது பூனைக்குக் குளிருமாம். வெறும் சிமெண்ட் தரையில் போடக் கூடாதாம். கதகதப்பாக ஏதாவது விரிக்க வேண்டுமாம். தையல் போட்ட மூன்று பக்கத்தையும் பிரித்து, தோழி செல்வமேரி இதை ஒரு விரிப்பாகத் தைத்துக் கொடுத்திருக்கிறார். விரித்துக் காட்டுகிறேன், பாருங்கள். இனி இதற்கு வாய் இல்லை. கட்ட முடியாது.

கொடிக்கம்பத்தின் பின்னால் இன்னும் இருபது இருக்கின்றன. செல்வமேரி கத்தரிக்கோல் கொண்டுவந்திருக்கிறார். என் பக்கம் இருப்பவர்கள் கை தூக்க வேண்டாம். போன ஆண்டு தூக்கிய கையே போதும். எழுந்து வந்து ஆளுக்கொரு கோணியைப் பிரியுங்கள். எதிர்ப்பவர்கள் அப்படியே வீட்டுக்குப் போங்கள், வருத்தம் இல்லை. போனதும் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஒரு நிமிடம் சத்தம் போடாமல் நில்லுங்கள். பிறகு பரணைப் பாருங்கள்.

அமலராணி எழுந்துவிட்டார். சின்னப்பன் அண்ணன் எழுந்துவிட்டார். ‘கூண்டுல வெக்க நெத்திலிக் கருவாடு என் செலவு’ என்கிறார், எல்லோரும் சாட்சி. தலைவர் ஐயா, நீங்கள் எழ வேண்டாம், காலையில்தான் மலையேறி வந்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கோணியை நானே கொண்டுவந்து தருகிறேன்.

மொட்டைமாடியைப் பாருங்கள். ஜெயவேலு அண்ணன் நிற்கிறார். ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரல்களைக் காட்டுகிறார். மூன்று. மூன்று என்கிறார். அண்ணா, உயிரோடா?

தலையாட்டுகிறார்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த சங்கத்துக்கும், என் நோட்டில் முதன்முறையாக ‘இருக்கிறது’ என்று எழுத வைத்த ஜெயவேலு அண்ணனுக்கும் நன்றி. அனைவர் மீதும், அந்தத் தொட்டிக்கு அடியில் இருக்கும் மூன்று பேர் மீதும், இறைவனின் அமைதி உண்டாகட்டும். வணக்கம்.